வெள்ளை கட்டாத படகு

முதலில் கேட்டவர் இயக்குநர்தான். இந்தப் பக்கத்தில் எப்போதாவது யாராவது கடலில் அகப்பட்டு, கரைசேர வழியில்லாமல் கிடந்திருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்க்க அவரோடு வந்திருந்த சுஜி அதைத் தமிழில் சொன்னாள். உச்சமுனைக் கரையில் இழுத்து வைத்திருந்த படகுக்குள் குந்தியிருந்து கயிறு பின்னிக்கொண்டிருந்த யாகப்பு தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன், ஐயாவுக்கு இப்பவே பயம் பிடிச்சிட்டுதோ?"

சுஜி அதை அப்படியே சிங்களத்தில் திருப்பவில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறார் என்று சொன்னாள். இயக்குநர் தன் படத்தைப் பற்றி விளக்கினார். பெருங்காற்றில் ஒரு தீவில் அகப்பட்டுக்கொள்ளும் ஆறு பேர். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். அவர்களுக்குள் ஒரு கொலைகாரன் இருக்கிறான், யாரென்று தெரியாது. உண்மையிலேயே அப்படி அகப்பட்டால் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தனக்குத் தெரியவேண்டும் என்றார்.

"அப்பிடியெண்டா என்னட்டத்தான் கேக்கவேணும்" என்றார் யாகப்பு. இயக்குநர் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார்.

யாகப்பு சொல்லச் சொல்லச் சுஜி திருப்பினாள். போர் முடிவதற்கு முந்தின வருடம் நடந்தது அது. தலவில அன்னம்மாள் திருவிழா முடிந்து, கற்பிட்டித் துறையிலிருந்து உச்சமுனைக்குத் திரும்பிய படகில் மூன்று பேர் இருந்தார்கள். யாகப்பு, அதே ஊர் றொபின்சன், கருவாடு வாங்க வருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் ஏறிக்கொண்ட சிலாபத்து ஆள் ஒருவன். அவன் பெயரை யாரும் கேட்கவில்லை. பாதி வழியில் எஞ்சின் நின்றுபோயிற்று. கச்சான் காற்று படகை வடக்கே தள்ளிக்கொண்டுபோய், வில்பத்துக் காட்டுக்கு எதிரே ஒரு மணல்திட்டில் போட்டது. கடற்படை அந்தப் பக்கம் யாரையும் விடாத காலம். தேடி ஒரு படகும் வரவில்லை. குடிக்கிற தண்ணீர் முடிந்தது. ஒரு மத்தியானம் யாகப்பு திட்டின் மறுமுனையில் தண்ணீருக்காக மணலைத் தோண்டிவிட்டுத் திரும்பியபோது, றொபின்சன் நங்கூரத்தின் மேல் தலை அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பக்கத்தில் சிலாபத்து ஆள் இருந்தான். மயங்கி விழுந்துவிட்டார் என்று சொன்னான்.

இயக்குநர் முன்னால் சாய்ந்து, கொன்றது யார் என்று கேட்டார்.

சுஜி கேள்வியைச் சற்று மாற்றினாள். "அவர் எப்பிடிச் செத்தவர் எண்டு கேக்கிறார்" என்றாள்.

"அப்பிடிக் கேக்கேல்ல மகள். எனக்கும் மீன் விக்கிற அளவுக்குச் சிங்களம் தெரியும்" என்று யாகப்பு சொன்னார். "ஆர் கொலை செய்ததெண்டு கேட்டவர். நான் காணேல்ல எண்டு சொல்லு."

அந்தச் சிலாபத்து ஆளாகத்தானே இருக்கவேண்டும் என்று இயக்குநர் விடாமல் கேட்டார். காணாத ஒன்றை இன்னொருத்தன் தலையில் கட்ட ஏலாது என்று யாகப்பு சொல்லிவிட்டார். பிறகு எப்படி ஊர்வந்து சேர்ந்தீர்கள் என்ற கேள்வி வந்தது. காற்று இறங்கியதும் நீலத் தறப்பாளைப் பாயாகக் கட்டிக்கொண்டு வந்த கதையை யாகப்பு சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிரேதத்தை ஏற்றிவரும் படகு, முன்பக்கத்தில் நட்ட கம்பில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டுதான் கரைக்கு வரவேண்டும். தூரத்திலேயே கண்டு சனம் ஆயத்தமாகும். தன் படகில் வெள்ளை கட்டவில்லை என்று யாகப்பு தானாகவே சொன்னார்.

ஏன் என்று இயக்குநர் கேட்டார். யாகப்புவின் கை கயிற்றில் நின்றுவிட்டது.

"அந்த முனையில திரும்பினதும் கரையில நிக்கிற சனத்துக்குப் படகு தெரிஞ்சிடும். தண்ணி வத்தின நேரம். அதில இருந்து கம்பு ஊண்டி ஊண்டித்தான் வரவேணும். வெள்ளையைக் கட்டினா, மூண்டு பேரில ஆர் எண்டு தெரியாமல் அவ்வளவு நேரமும் அவள் நிக்கவேணும். கிட்டப் போய் வாயால சொல்லுவம் எண்டு நினைச்சன்." கயிற்றைக் கீழே வைத்தார். "அவள் சிரிச்சுக்கொண்டு இடுப்பளவு தண்ணிக்குள்ள ஓடி வந்திட்டாள். நான் வாயைத் திறக்க முந்திப் படகில கையை வைச்சிட்டாள்."

அவள் என்றது அனஸ்தாசியாவை, றொபின்சனின் மனைவியை. சுஜி ஒரு சொல் விடாமல் திருப்பினாள். இயக்குநர் பக்கத்தில் நின்ற ஒளிப்பதிவாளரிடம் ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகச் சொன்னார்.

"என்னவாம்?" என்று யாகப்பு கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவர்" என்றாள் சுஜி. யாகப்பு அவளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினார்.

சுஜியின் வீட்டார் வன்னியிலிருந்து வந்து கற்பிட்டியில் குடியேறியவர்கள். அவள் அங்கே தமிழிலும், பிறகு சிலாபத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிச் சிங்களத்திலும் படித்தவள். படக்குழுவுக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்க ஆள் தேவைப்பட்டபோது, பங்குத்தந்தை அவளைத்தான் காட்டிவிட்டார். அவளாகக் கதைப்பது குறைவு. உச்சமுனையில் இருந்த அந்த ஒன்றரை மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் மற்றவர்களின் கதைதான். அதனாலோ என்னவோ, ஆட்கள் அவளிடம் எதையும் சொன்னார்கள். யாகப்புவைப் பற்றியும் சொன்னார்கள்.

திருவிழாவுக்கு முன்னால் யாகப்புவுக்கும் றொபின்சனுக்கும் சண்டை நடந்திருக்கிறது. பாடு எனப்படும், வலை இழுக்கிற கரைத்துண்டு யாருடையது என்பதில் தொடங்கிக் கழுத்தைப் பிடிக்கும் வரை போயிருக்கிறது. பிறகு தலவில கோயிலில் இருவரும் சமாதானமாகி, ஒரே படகில் திரும்பியிருக்கிறார்கள். சமாதானமானதைக் கண்டவர்கள் இல்லை. சண்டையை ஊரே கண்டிருந்தது. படகு கரைதட்டி எல்லோரும் குழறி அழுதுகொண்டிருந்த நேரத்தில், சிலாபத்து ஆள் வேறொரு படகில் ஏறிக் கற்பிட்டிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. பொலிஸ் யாகப்புவைக் கொண்டுபோய் விசாரித்தது. விழுந்து அடிபட்ட மரணம் என்றுதான் கடைசியில் முடிவாயிற்று. ஊரில் அந்த முடிவு எடுபடவில்லை. போனவனைச் சந்தேகப்பட்டு ஊருக்கு என்ன பிரயோசனம்? கண்முன்னே நடமாடுகிறவனைத்தான் சந்தேகப்படலாம். அதற்கு அந்த வெள்ளைத் துணி போதுமாக இருந்தது. குற்றமில்லாதவன் என்றால் கட்டியிருப்பானே என்றார்கள்.

சிலாபத்து ஆள்தான் செய்தது என்று சொல்லிவிடு, உனக்கு விடுதலை என்று யாகப்புவின் சொந்தத் தமையனே சொல்லிப் பார்த்திருக்கிறார். யாகப்பு மறுத்துவிட்டார். அந்தப் பிடிவாதமும் அவருக்கு எதிராகவே போயிற்று.

யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவருடைய படகில் தொழிலுக்கு ஆள் ஏறுவது மட்டும் நின்றது. இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை அவர் தனியாகச் செய்தார். கோயிலில் அவர் இருக்கும் வாங்குப் பலகையில் மற்ற இடம் காலியாகவே கிடந்தது. மகளுக்கு அங்கே சம்பந்தம் சரிவராது என்று கண்டு, மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சிலாபத்துக்குப் போய்விட்டார். யாகப்பு மாதத்தில் ஒருதரம் மீனும் கருவாடும் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவருவார். நீங்களும் அங்கேயே போய் இருக்கலாமே என்று சுஜி ஒருநாள் கேட்டாள். போனால் ஓடிவிட்டான் என்பார்கள் என்றார். கடலில் யாராவது காணாமல் போனால் தேடிப் புறப்படும் முதல் படகு அவருடையதுதான். ஆனால் அந்தப் படகு திரும்பி வரும்போது கரையில் நிற்கும் பெண்கள் முதலில் கம்பைப் பார்ப்பார்கள். வெள்ளை இல்லாவிட்டாலும் அவர்கள் சிரிப்பதில்லை.

படக்குழு அவருடைய படகை வாடகைக்கு எடுத்தது. படத்தில் ஆறு பேரில் ஒருவன் படகோட்டி. கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் நடிகன் அந்த வேடத்தைச் செய்தான். கம்பு ஊன்றவும் நங்கூரம் எறியவும் யாகப்புதான் அவனுக்குப் பழக்கினார். பழந்தொப்பி ஒன்றையும் கொடுத்தார். கொலைகாரன் யார் என்பதை நடிகர்களுக்கே சொல்லாமல் வைத்திருந்தார்கள். முடிவைக் கொழும்பில் கதவைப் பூட்டிக்கொண்டு எடுப்பார்களாம்.

சமையல் அனஸ்தாசியாவின் பொறுப்பு. தீவில் கொல்லப்படுகிறவர்கள் முகத்தில் சிவப்புச் சாயத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நிற்பார்கள். "செத்தவங்கள் முன்னுக்கு வாங்கோ. மிச்சப் பேர் இருந்து உங்கட முறைக்குப் பாத்துக்கொண்டிருங்கோ" என்பார் அனஸ்தாசியா. சமையல் கொட்டிலில் பெண்கள் கொலைகாரனைத் தேடிப் பந்தயம் கட்டினார்கள். டொக்டராக நடிப்பவன்தான் என்று பலருக்கும் உறுதி. அவன் முள்ளெடுத்து மீன் தின்கிற பொறுமையைப் பார்த்தாலே தெரிகிறதாம். அனஸ்தாசியா பந்தயத்தில் சேரவில்லை. "ஆரெண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்? இவங்கள் எழும்பிச் சோறு தின்னுவாங்கள்" என்றார்.

அவர் யாகப்புவுக்குச் சோறு போட்டதில்லை. யாகப்பு வரும் நேரம் பார்த்து அகப்பையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, விறகடுப்புப் பக்கம் போய்விடுவார். கணவனைப் பறிகொடுத்ததைவிட, அந்தப் படகை நோக்கித் தான் சிரித்துக்கொண்டு ஓடியதுதான் அவரை அறுத்தது. "பிணத்துக்கு முன்னால என்னைச் சிரிக்கவைச்சவன்" என்று ஒருநாள் சுஜியிடம் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் இயக்குநர், பிரேதத்தோடு படகு கரைக்கு வரும் காட்சியை எடுக்கப்போவதாகச் சொன்னார். வெள்ளைத் துணி கட்டி ஒருமுறை, கட்டாமல் ஒருமுறை. எந்த முடிவுக்கு எது தேவைப்படும் என்று யாரும் ஊகிக்கக்கூடாது என்பதற்காக அவர் பல காட்சிகளை அப்படித்தான் இரண்டு விதமாக எடுத்தார். அதைக் கேட்டதும் சுஜிக்கு அந்த வாளியும் கயிறும் நினைவுக்கு வந்தன. யாகப்புவின் முகத்தைப் பார்த்தாள். அவர் நடிகனைப் படகில் ஏற்றி முனைக்குக் கொண்டுபோனார்.

முதலில் வெள்ளை கட்டி எடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கரையில் நின்றார்கள். படகு தெரிந்ததும் பதறவேண்டும், அது வந்து சேரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையக்கூடாது என்று சுஜி அவர்களுக்குச் சொல்லியிருந்தாள். தண்ணீர் வற்றியிருந்தது. படகு முனையில் திரும்பியது. கம்பில் வெள்ளை தெரிந்ததும் பெண்கள் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சில் கைவைத்தார்கள். படகு ஊர்ந்தது. நடிகன் கையிலிருந்த கம்பை ஊன்றி இழுத்து, திரும்ப ஊன்றினான். கரையில் பேச்சு நின்றது. யாரோ ஒருத்தி விம்மத் தொடங்கினாள். அது நடிப்பில்லை என்று சுஜிக்குக் குரலிலேயே தெரிந்தது. இன்னொருத்தி, தன் புருஷன் காலையில் தொழிலுக்குப் போனதை நினைத்தோ என்னவோ, அப்படியே மணலில் குந்திவிட்டாள். எல்லோருக்கும் அது பொய்யென்று தெரியும். படகில் படுத்திருப்பவன் காலையில் தங்களிடம் பாண் வாங்கித் தின்றவன். படகோ இன்னும் வந்துகொண்டே இருந்தது. சுஜியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள்.

திருப்பியபோதுதான் அனஸ்தாசியாவைக் கண்டாள். கொட்டில் வாசலில், கையில் அரிசி களைந்த சட்டியோடு நின்றார். தண்ணீர் வழிந்து கால்களை நனைத்துக்கொண்டிருந்தது. படகு கரைதட்டும் வரை அவர் அசையவில்லை. தட்டியதும் உள்ளே போய்விட்டார்.

வெள்ளை இல்லாமல் எடுத்தபோது அவர் வெளியே வரவில்லை. சிரித்துக்கொண்டு ஓடச் சொன்னபோது பெண்களில் ஒருத்தியும் முன்வரவில்லை. கடைசியில் கொழும்புக் குழுவிலிருந்த பெண்ணொருத்திக்குச் சேலை கட்டி ஓடவைத்தார்கள்.

அன்று மத்தியானம் யாகப்பு வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தார். அகப்பை அனஸ்தாசியாவின் கையிலேயே இருந்தது. வேறு யாரும் அதை வாங்க வரவில்லை. சோற்றைப் போட்டார், மீன் குழம்பை விட்டார். கொஞ்சம் நின்று, சட்டியின் அடியில் துழாவி மீன் தலையை எடுத்து வைத்தார். யாகப்பு படகுக்குப் போய் அதன் மறைவில் இருந்து சாப்பிட்டார். கனநேரம் எடுத்தது.

பின்னேரம் பாத்திரம் கழுவும்போது அனஸ்தாசியா சுஜியைப் பார்க்காமலே சொன்னார்: "சோறுதான் குடுத்தன். மன்னிப்பெல்லாம் குடுக்கேல்ல." பிறகு, "அவ்வளவு நேரம் நிக்கவேணும் எண்டு நான் யோசிச்சதே இல்ல, பிள்ளை" என்றார்.

படப்பிடிப்பு முடிந்த பிறகும் அது தொடர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. யாகப்பு தெருவில் எதிர்ப்பட்டால் அனஸ்தாசியா வழி மாறுவதில்லை. யாகப்பு வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனால் அது திரும்பி வருவதில்லை. அதைக் கண்டு ஊரிலும் சிலர் அவரோடு கதைத்தார்கள். ஒரு பெடியன் அவர் படகில் தொழிலுக்கு வரக் கேட்டானாம். கற்பிட்டித் துறையில் சுஜியைக் கண்டபோது யாகப்பு அதைச் சொல்லிவிட்டு, சிரிப்பை மறைக்கத் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் படம் வெளிவந்தது. உச்சமுனையில் ஒருநாள் காட்டுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். கோயில் மண்டபத்தில் காட்டுவதென்றும், பேச்சையெல்லாம் சுஜி மைக்கில் உடனுக்குடன் தமிழில் சொல்வதென்றும் ஏற்பாடாயிற்று. முன்கூட்டியே பார்த்துவைக்க அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள்.

கடைசியில், தீவுக் கொட்டில் ஒன்றுக்குள் மிஞ்சியவர்கள் எல்லோரையும் இருத்தி, அவர்களில் ஒருவரான துப்பறிகிறவர் பேசுகிறார். கொலை எதையும் திரும்பக் காட்டவில்லை, எல்லாம் பேச்சுத்தான். டொக்டர் இல்லை, வியாபாரி இல்லை என்று ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு, காற்று தொடங்குமுன் முதல் பிரேதத்தை ஏற்றிவந்த அந்தப் படகு ஏன் வெள்ளை கட்டாமல் கரைக்கு வந்தது என்று கேட்கிறார். கடலில் பிறந்து வளர்ந்தவன் அதை மறப்பானா? சனம் கூடுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று அவனுக்கு இருந்தது என்கிறார். யாகப்புவின் தொப்பியை அணிந்திருந்த படகோட்டி தலையைக் குனிந்து, தானே செய்ததாகச் சொல்கிறான். பிறகு எல்லோரும் ஒரே கடற்படைப் படகில் ஏறிப் போகிறார்கள்.

சுஜி இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் அன்பாகத்தான் பேசினார். பெயர், ஊர் எதுவும் இல்லையே, கதைதானே என்றார். நிஜத்தில் செய்தது அந்த மூன்றாவது ஆள்தானே என்று கேட்டார். அப்படி யாரும் சொல்லவில்லை என்றாள் சுஜி. அப்படியானால் நமது படத்திலாவது ஒரு முடிவு இருக்கட்டும் என்று அவர் சிரித்தார். அவள் மறுத்தால் தமிழில் சொல்ல ஊர்ப் பெடியன் யாரையாவது பிடிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

படம் காட்டுவதற்கு முதல்நாள் காலை அவள் துறைக்குப் போனாள். யாகப்பு மீனை இறக்கிவிட்டுப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வாளியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"வெள்ளைத் துணிக் கதையும் வருதோ?"

"ஓம், மாமா. அதை வைச்சுத்தான் பிடிக்கிறாங்கள்."

"முழுக்கச் சிங்களத்திலயோ?"

"ஓம்."

"அனஸ்தாசியாவுக்குச் சிங்களம் விளங்காது" என்றார் யாகப்பு. அது சுஜிக்கும் தெரியும். இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தாள். சொல்வதற்கென்று ஒன்று வைத்திருந்தாள்; அதைச் சொன்னாள்.

"அதில கருவாட்டு வியாபாரி ஒருத்தர் வாறார். தமிழில சொல்லேக்க, அவர்தான் செய்தது எண்டு மாத்திவிடட்டோ? ஆருக்கும் தெரிய வராது."

யாகப்பு வாளியைக் கீழே வைத்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்து, வடக்குப் பக்கமாகப் பார்த்தார். அவருடைய வாய் ஒருமுறை திறந்து மூடியது. அவர் ஓம் என்று சொல்லிவிடுவார் என்று சுஜிக்குத் தோன்றியது. சொல்லவேண்டும் என்றும் விரும்பினாள்.

"வேண்டாம்" என்றார். "அவனும் எங்கயோ பெண்சாதி பிள்ளையளோட இருப்பான். இவ்வளவு காலம் சொல்லாததை இனி உன்ர வாயால சொல்லுவிக்கிறதோ?"

"அப்ப நான் என்ன செய்ய, மாமா? பெடியங்களுக்குச் சிங்களம் விளங்கும். நான் சொல்லாட்டியும் பிறகு அவங்கள் சொல்லிப்போடுவாங்கள்."

"சொல்லுவாங்கள். அவங்கள் சொல்லுறதை அனஸ்தாசியா எத்தினை வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ சொன்னா நம்பிப்போடுவாள், மகள். அதுதான் எனக்குப் பயம்."

அவர் எழுந்து, ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். யாரிடமும் ஒரு உதவி கேட்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது.

"அந்தக் கொட்டிலுக்குள்ள எல்லாரையும் இருத்தி அவன் கதைக்கத் தொடங்கினதும், நீ மைக்கை நிப்பாட்டிப்போடு. பழுதாப் போட்டுதெண்டு சனம் நினைக்கட்டும், சத்தம் போடட்டும். ஆர் வந்து கேட்டாலும் நீ வாயைத் திறக்காத. அவங்கள் எல்லாரும் படகில ஏறின பிறகு திரும்பக் கதை. அது மட்டும் செய்வியோ, மகள்?"